போர் ஓவியர் எனப்படுவோர் யாவர்?

சென்ற ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுதில், எங்கள் பங்கைச் சார்ந்த இளைஞர் ஒருவர் தச்சநல்லூர்ப் பங்கு இல்லத்திற்கு வந்தார். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். மாணவர்களுக்குப் பயன்படும் கலை நோக்கு நூல் ஒன்றை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து தமிழில் தொகுத்து வருகிறார். அந்நூலில் 'போர் ஓவியர்' என்னும் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. முப்பது பெயர்களுக்கு மேல் இடமில்லை என்பது பதிப்பாளரின் கட்டளை. அவர் கொண்டுவந்த தாள்களிலோ ஐம்பத்திரண்டு பெயர்கள் இருந்தன.

"சாமி, இதுல இருபத்திரண்டு பேர எடுத்துரணும். யார எடுக்கதுன்னு எனக்குத் தெரியல. நீங்க ஒரு வாரம் வச்சிருந்து பாத்துக் குடுங்க" என்றார். குருமடத்தில் பயின்ற நாள்களில் திருச்சபைக் கலை வரலாற்றைச் சற்று ஆர்வத்தோடு படித்தவன் என்பதைத் தவிர, இப்பணிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆயினும் மறுக்க மனமின்றித் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் என்பது ஒரு மாதமாயிற்று. பெயர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் எழுத்தர் வேலை என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று என்பது விரைவில் புலப்பட்டது. நோக்கு நூலொன்றில் ஒரு பெயர் இடம்பெற்றுவிட்டால், அடுத்து வரும் நூல்களும் அதையே எடுத்து எழுதும். மாணவர் அதையே தேர்வில் எழுதுவர். இடம்பெறாத பெயரைத் தேடிப் போகிறவர் அரியர். ஆகவே பட்டியல் இடுகிறவன், தான் அறியாமலே, எவர் நினைக்கப்பட வேண்டும், எவர் மறக்கப்படலாம் என்று தீர்ப்பு எழுதுகிறான்.

அந்த ஐம்பத்திரண்டு பெயர்களில் ஒன்றின் மேல் மட்டும் பென்சிலால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 'நம்மவர் அல்லர்' என்ற குறிப்பும் இருந்தது. அதைப் பற்றி இறுதியில் கூறுகிறேன். அதற்கு முன்பு, அந்தப் பட்டியலுக்குள் மறைந்திருந்த அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவது நலம்.

நியமனம் பெற்றவர்

பட்டியலின் முதல் பதினான்கு பெயர்களும் பிரித்தானியருடையவை. இதற்குக் காரணம் அந்நாட்டார் மற்றவரை விடச் சிறந்த ஓவியர் என்பதன்று. அவர்கள் பதிவேடு வைத்திருந்தனர். 1939-இல் போர் மூண்டவுடன் இலண்டனில் 'போர் ஓவியர் ஆலோசனைக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் அதன் தலைவர். 1945-க்குள் நானூறுக்கும் மேற்பட்ட ஓவியர்களிடமிருந்து ஏறத்தாழ 6,000 படைப்புகளை அக்குழு திரட்டியது. இவர்களுள் சிலர் தம் உயிரையும் கொடுத்தனர். எரிக் ராவிலியஸ் 1942-இல் ஐஸ்லாந்துக்கு அப்பால், காணாமற்போன விமானம் ஒன்றைத் தேடிச் சென்ற விமானத்தில் இருந்தார், அதுவும் திரும்பவில்லை. ஆல்பர்ட் ரிச்சர்ட்ஸ் 1945-இல் கண்ணிவெடியில் சிக்கி மாண்டார். இவர்களை இகழ்ந்து பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், அரசு அளித்த நியமன ஆணையே ஒருவரைப் போர் ஓவியர் ஆக்குகிறது என்று நாம் கொள்வோமாயின், நம் பட்டியல் ஓர் அலுவலகப் பதிவேட்டின் படியாகவே முடியும். அந்த அலுவலகத்தின் குறைகளும் அதனோடு சேர்ந்தே நம்மிடம் வரும். முழுநேரச் சம்பளத்தில் அக்குழு அமர்த்திய பெண் ஓவியர் எவ்லின் டன்பர் ஒருவரே. பெண்கள் போரைக் காணவில்லை என்பதா இதன் பொருள்? வீட்டின் மேல் குண்டு விழுந்தபோது வீட்டிலிருந்தவர் யார்?

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1791-இல் சென்னைக்கு வந்து சேர்ந்த ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர், கார்ன்வாலிஸின் படையோடு மைசூர்ப் போருக்குச் சென்றார். திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் 1792-இல் பிணையாக ஒப்படைக்கப்பட்ட நிகழ்ச்சியை அவர் பெரிய ஓவியமாகத் தீட்டினார். தந்தையிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் அவர்கள். ஓவியத்திலோ அது வெற்றியாளரின் பெருந்தன்மையைப் பறைசாற்றும் விழாவாகவே காட்சி தருகிறது. ஓவியர் அங்கிருந்தார், படையோடு நடந்தார், திறமையும் உடையவர். ஆனால் அந்தச் சிறுவர்களின் பக்கத்தில் நின்று அவர் பார்க்கவில்லை. நியமனத்தோடு பார்வையும் சேர்த்தே தரப்பட்டுவிடுகிறது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

கண்ணால் கண்டவர்

அவ்வாறெனில், போரைக் கண்ணால் கண்டவரே போர் ஓவியர் என்று வரையறுக்கலாமா? இளைஞர் பலருக்கும் இவ்வளவுகோல் உகந்ததாகத் தோன்றும். சாட்சி என்ற சொல்லை நேசிக்கும் நமக்கும் அது இனிமையாகவே ஒலிக்கிறது. ஆனால் இதையும் கையில் எடுத்துப் பார்த்தால் வழுக்குகிறது.

1937 ஏப்ரல் 26-ஆம் நாள் குவர்னிக்கா நகரின்மேல் குண்டுகள் பொழிந்தபோது பிக்காசோ பாரிசில் இருந்தார். செய்தித்தாள்களின் வாயிலாகவே அவர் அதனை அறிந்தார். ஏறத்தாழ ஐந்து வாரங்களில், ஏழே முக்கால் மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியத்தை முடித்தார். கண்ணால் கண்டவர் மட்டுமே என்றால் இருபதாம் நூற்றாண்டில் போரைப் பற்றி மிகுதியாகப் பேசப்பட்ட ஓவியம் பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

பட்லர் சீமாட்டி என்று அறியப்பட்ட எலிசபெத் தாம்சன் இன்னொரு சான்று. கத்தோலிக்க மறையைத் தழுவியவர். கவிஞர் ஆலிஸ் மேனலின் தமக்கை. கிரிமியப் போரில் எஞ்சிய வீரர்கள் பனியில் வரிசையாக நிற்க, அவர்களின் பெயர் அழைக்கப்படும் காட்சியை 1874-இல் தீட்டிக் காட்டினார். அப்போர் நடந்த காலத்தில் அவர் சிறு குழந்தை. ஆயினும், தாம் நின்ற இடத்திலேயே தளர்ந்து போன அந்த மனிதர்களைக் கண்டு இலண்டன் மாநகரமே கலங்கியது. 1879-இல் அரச கலைக் கழகத்தின் உறுப்பினர் தேர்தலில் இரண்டே வாக்குகளில் அவர் தோற்றார். அந்நாளைய 'பட்டியல்' ஒரு பெண்ணை ஏற்கத் தயங்கியதை இதிலிருந்து அறிகிறோம்.

ஆனால் அவரிடத்தும் நாம் குறை காணாமல் இருக்க முடியாது. அதே 1879-இல் அவர் தீட்டிய மற்றோர் ஓவியத்தில், 1842-இல் காபூலிலிருந்து பின்வாங்கிய படையின் எச்சமாக, வில்லியம் பிரைடன் என்னும் மருத்துவர் களைத்த குதிரையின்மேல் ஜலாலாபாத் கோட்டையை நோக்கித் தனியே வருகிறார். காண்போர் நெஞ்சம் உருகும். ஆனால் அந்தப் படை எத்தகையது? ஏறத்தாழ 4,500 வீரர்கள். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களோடு சென்ற பணியாளரும் பெண்களும் குழந்தைகளும் ஏறத்தாழ 12,000 பேர். பனியில் உறைந்து கிடந்த அவர்களில் ஒருவர் கூட அந்தச் சட்டகத்துக்குள் இல்லை. ஓவியர் நேரில் காணவில்லை என்பது இங்கே குறையன்று. எவருடைய சாவு சாவாகக் கணக்கிடப்பட்டது என்பதே வினா.

ஸ்பெயின் நாட்டுக் கோயாவை எண்ணிப் பாருங்கள். 1808-இல் நெப்போலியனின் படைகள் அவர் நாட்டுக்குள் புகுந்தன. அவர் செதுக்கிய 'போரின் பேரழிவுகள்' என்னும் வரிசை, அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பின், 1863-இல் 80 அச்சோவியங்களாக வெளிவந்தது. அவற்றுள் ஒன்றின் அடியில், தாம் அதைக் கண்டதாகவே குறித்து வைத்தார். எல்லாவற்றையும் அவர் கண்டிருக்க முடியாது என்பதில் ஐயமில்லை. பிரெஞ்சுப் படைவீரரின் கொடுமைகளை அவர் ஒளிக்கவில்லை, அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் வரிசையின் மூன்றாம் படத்தில், விழுந்து கிடக்கும் பிரெஞ்சு வீரன்மேல் கோடரியை ஓங்குகிறவன் ஸ்பெயின் நாட்டான். தம் மண், தம் மக்கள், நியாயம் தம் பக்கம். அப்படியிருந்தும் தம்மவன் கையிலிருந்த கோடரியை அவர் மறைக்கவில்லை. இந்த ஒரு படத்திற்காகவே அவரை என் பட்டியலின் முதலிடத்தில் வைத்தேன்.

போர்க்களத்தின் எல்லை

மூன்றாவது வினா இன்னும் கடினமானது. போர் ஓவியம் என்றால் அதில் போர் இருக்க வேண்டுமா?

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற தாய் இருந்தார். அவருடைய இளைய மகன் பீட்டர், படையில் சேர வயது போதாமல், தந்தையின் இசைவை வேண்டி நின்றபோது, கணவரை இணங்கச் செய்தவர் அத்தாயே. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் மகன் வீழ்ந்தான். அவனுக்காக அவர் வடிக்கத் தொடங்கிய நினைவுச் சிலைகள் 1932-இல்தான் கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டன. பதினெட்டு ஆண்டுகள்! அச்சிலைகளில் துப்பாக்கி இல்லை, வீரனும் இல்லை. ஒரு தந்தையும் ஒரு தாயும் மண்டியிட்டிருக்கின்றனர், அவ்வளவுதான். இதைப் போர்க் கலை அன்று என்பார் உண்டோ?

பிரான்சில் ஜார்ஜ் ரூவோ என்னும் கத்தோலிக்க ஓவியர், முதல் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிப் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய 'மிசெரேரே' என்ற 58 அச்சோவியங்கள் 1948-இல் வெளிவந்தன. 'இரக்கமும் போரும்' என்பதே அவர் முதலில் எண்ணியிருந்த அமைப்பு. கரிய தடித்த கோடுகளுக்குள் கிறிஸ்துவின் முகமும் ஏழைகளின் முகமும் போரை வெறுக்கும் தாயின் முகமும் மாறி மாறி வருகின்றன. படைகளின் மோதலைத் தேடுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நம் இளைஞர் இவரைச் 'சமய ஓவியர்' பகுதிக்கு மாற்றியிருந்தார். நான் மீண்டும் இங்கேயே கொண்டுவந்தேன்.

நம் நாட்டிலோ, சித்தபிரசாத், ஜைனுல் ஆபெதின் ஆகிய வங்கத்தார் இருவரும் 'பஞ்ச ஓவியர்' என்று தனியே ஒதுக்கப்பட்டிருந்தனர். இது சரியன்று எனக் கருதுகிறேன். 1943-இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்களைக் கொண்டுபோன பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. 1942-இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடலாகாது என்று கடலோர மாவட்டங்களின் நெல்லையும் படகுகளையும் அரசு அகற்றியது. படகில்லாத மீனவரும் உழவரும் என்ன செய்வர்? போர்க்காலச் செலவு விலைகளை ஏற்றியது. அந்நாளில் மிதுனப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் கால்நடையாகச் சுற்றி, பட்டினி கிடந்தோரை மையால் வரைந்து, அவர்கள் கதையையும் எழுதினார் சித்தபிரசாத். 'பசித்த வங்கம்' என்ற அச்சிறு நூலின் 5,000 படிகளையும் ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. குடும்பத்தாரிடம் ஒரு படி எஞ்சியது. ஒரு பேரரசு நூலைத் தேடித் தேடி அழித்தது என்றால், அந்த ஓவியங்கள் போரைப் பற்றியவைதாம் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இத்தகைய எல்லைச் சிக்கல் திருச்சபைக்கும் புதிதன்று. ஆஷ்விட்ஸ் முகாமில் வேறொருவருக்காகப் பட்டினிச் சாவை ஏற்ற மாக்சிமிலியன் கோல்பேயை 1971-இல் அருளாளராக உயர்த்தியபோது, அவர் மறைசாட்சிகளின் வரிசையில் சேர்க்கப்படவில்லை. விசுவாசத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டவரே மறைசாட்சி என்ற பழைய இலக்கணத்துக்குள் அவர் சாவு அடங்கவில்லை. 1982-இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சி என்றே புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மனிதர் இலக்கணத்துக்குள் அடங்காதபோது இலக்கணமே விரிந்து கொடுத்தது. நோக்கு நூலின் தொகுப்பாளரும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கைப் போருக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட நூல் ஒன்று, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படும் பெயருடையது. தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இலங்கையில் வைத்திருந்த நிலப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் வடபுலத்து மக்கள் எண்பது பேரிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்த தளப்படம் ஒன்று, அதைக் கட்டடக் கலைஞர் அளவுக்குள் ஒழுங்குபடுத்திய படம் ஒன்று, அந்த நினைவைக் கேட்டு ஓவியர் தீட்டிய படம் ஒன்று என வீட்டுக்கு மூன்றாக அந்நூல் அமைந்துள்ளது. அதில் துப்பாக்கி ஏந்தியவர் இல்லை. அடுக்களையும் கிணறும் வேலியும் மரமும் உள்ளன.

இந்நூலைப் பற்றி அறிந்த பின்பு, நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தபோது, வயது முதிர்ந்த அம்மா ஒருவரிடம் அவருடைய ஊர் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் குச்சி ஒன்றை எடுத்து முற்றத்து மணலில் கோடிடத் தொடங்கினார். விறாந்தை, சாமியறை, அடுக்களை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கிணறு அடுக்களைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் நின்றுவிட்டார். இரண்டு முறை அழித்து வரைந்தார். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு, "ஏன் ஃபாதர் இதெல்லாம் இப்ப கேக்கிறியள்?" என்று சற்றுக் கோபத்தோடு உள்ளே போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் போர் எங்கே முடிகிறது என்ற வினாவுக்கு அதன்பின் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சனாதனனின் பெயரைப் பட்டியலில் மை கொண்டே எழுதினேன்.

பெயரில்லாதவர்

அகரவரிசைப் பட்டியலுக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாதவரை எங்கே வைப்பது?

செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரன் உருவம். மேலே எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்தப் பூசலில் எவன் இறந்தான் என்ற எழுத்து. போரில் இறந்தவனைக் கல்லில் நிறுத்துவது தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியமே அதன் படிநிலைகளைப் பேசுகிறது. இறந்தவன் பெயர் அக்கல்லில் இருக்கிறது. செதுக்கியவன் பெயரைப் பெரும்பாலும் காண்பதில்லை. தன் பெயரை விட்டுவிட்டு மாண்டவன் பெயரை மட்டும் வெட்டி வைத்த அந்தக் கைகளுக்கு நம் நூலில் ஒரு வரி வேண்டாமா? தச்சரின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊரில் இருந்துகொண்டு இதனைக் கேட்காமல் இருக்க எனக்கு இயலவில்லை.

அதேவேளையில் பெயரின்மை ஒன்றே தகுதியாகிவிடாது. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் மாபெரும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. பலமுறை சிதைந்து பலமுறை மீண்டும் தீட்டப்பட்ட ஓவியம் அது. அதே போரைக் காகிதத்தில் தீட்டிய பழைய ஓவியம் ஒன்று 2022-இல் இலண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. படைப்பு அவ்வளவு விலை பெறுகிறது. படைத்தவர் பெயரோ பட்டியலில் இல்லை. இது அநீதியே. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அதுவும் வெற்றியாளரின் ஓவியமே. ஹோமின் ஓவியத்தில் நாம் கண்ட குறை இதற்கும் பொருந்தும். ஆகவே இருவரையும் ஒரே பதிவில் எதிரெதிராக வைக்குமாறு இளைஞருக்கு எழுதினேன். ஒரே பகைமையின் இரு பக்கங்களையும் மாணவர் ஒரே பக்கத்தில் காணட்டும். ஒருவரை மட்டும் வைப்பதாயின் இருவரையுமே நீக்கிவிடலாம்.

பென்சில் கோடு

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். அது சந்திரகுப்த தேனுவர என்னும் பெயரின்மேல் இழுக்கப்பட்டிருந்தது. 1960-இல் பிறந்த சிங்கள ஓவியர் இவர். போர் நடந்துகொண்டிருந்த 1997-இல், கொழும்பு வீதிகளில் சோதனைச் சாவடிகளாக நிறுத்தப்பட்டிருந்த பீப்பாய்களையும் அவற்றின்மேல் பூசப்பட்ட படைத்துறை உருமறைப்பு வண்ணத்தையும் எடுத்து, தம் கலையின் மொழியாக்கினார். அதற்குப் 'பீப்பாயியம்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். அன்றாட வாழ்வின் நடுவே போர் எப்படிப் பழகிப்போன பொருளாகிவிட்டது என்பதை அந்நகர மக்களுக்கே காட்டினார். அன்றுமுதல் ஆண்டுதோறும் சூலை மாதத்தில் கண்காட்சி நடத்தி, 1983 சூலையில் தமிழர் கொல்லப்பட்டதையும் அவர்தம் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதையும் தம் மக்கள் மறந்துவிடாதபடி நினைவூட்டி வருகிறார்.

இளைஞரிடம் இதைச் சொன்னேன். அவர் அறியாதவர் அல்லர். "தெரியும் சாமி. ஆனா அவங்களுக்குக் கலைக்கூடம் இருக்கு, கண்காட்சி இருக்கு, எழுத ஆள் இருக்கு. நம்ம பிள்ளைங்க வரைஞ்சதெல்லாம் முள்ளிவாய்க்கால்ல மண்ணோட மண்ணாப் போயிட்டு. முப்பது எடத்துல ஒண்ண அவருக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டார். இக்கேள்வியை எளிதாக எண்ணித் தள்ளிவிட இயலாது. 2009 மே மாதத்தில் அக்கடற்கரையில் மனிதரோடு எத்தனை ஏடுகளும் படங்களும் புதைந்தன என்பதை எண்ணினால் நெஞ்சு அடைக்கிறது. வலியவன் கலைக்கு இடம் இருப்பதும் எளியவன் கலைக்குத் தடயமே இல்லாதிருப்பதும் உலக வழக்கம். அவ்வழக்கத்திற்கு நம் நூலும் துணைபோகலாகாது என்று அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு.

ஆயினும் நான் கூறிய மறுமொழி இது. 1983 சூலை 23-ஆம் நாள் பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்ட இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. நம் மாநகரின் பெயரையே தாங்கிய ஊர் அது. சனாதனன் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் அங்கேதான் உள்ளது. அந்தப் பதின்மூவரின் சாவைக் காரணம் காட்டியே மறுநாள் முதல் கொழும்பில் தமிழர்மேல் தீ வைக்கப்பட்டது. தம் பக்கத்து இறந்தோரை மட்டுமே எண்ணிய சினமே அந்தத் தீயாயிற்று. அத்தீயின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, எதிர்ப்பக்கத்து இறந்தோரையும் தம் இறந்தோராக எண்ணி ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார் என்றால், அவரைப் 'நம்மவர் அல்லர்' என்று நாம் நீக்குவது அந்தப் பழைய கணக்கையே நம் கையால் மீண்டும் எழுதுவதாகும்.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய ஆங்கிலப் படையில் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1830-இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்பு நூலில், தமக்கு எதிரே நின்ற ஊமைத்துரையைப் பற்றி மதிப்போடு எழுதினார். முன்பு தமக்கு ஈட்டி எறியக் கற்றுத்தந்த சின்ன மருது தூக்கிலிடப்பட்டதை வருத்தத்தோடு குறித்தார். அவரை ஓவியர் பட்டியலில் சேர்க்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் பகைவனின் எழுத்திலிருந்து நம் வீரரின் முகத்தைப் பெற்றுக்கொண்ட நாம், பகைப்பக்கத்திலிருந்து வரும் நேர்மையை மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வாறு எண்ணிப் பார்த்தபின் என் அளவுகோலை மூன்று வினாக்களாகச் சுருக்கிக்கொண்டேன். முதலாவது, இந்தப் படைப்பு போரின் வலியை, அதிலிருந்து தப்பிவிடக் கூடிய ஒருவரிடம் கொண்டு சேர்க்கிறதா? இரண்டாவது, ஓவியர் கண்டிருந்தாலும் கேட்டிருந்தாலும், உண்மைக்குக் கட்டுப்பட்டு நின்றாரா? மூன்றாவது, எவருடைய இறந்தோரை அவர் கண்கள் கண்டன. எவரைக் காணாமல் விட்டன? முதல் இரண்டிலும் தேறுகிறவர் பலர். மூன்றாவதில் தேறுகிறவர் சிலரே. அந்தச் சிலருக்குப் பட்டியலில் முதலில் இடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய இடங்களை மற்றவர்க்குப் பகிர்வதே முறை எனக் கருதுகிறேன். பிரித்தானியர் பதினால்வரில் ஐவரோடு நிறுத்திக்கொண்டேன். பட்லர் சீமாட்டி அவர்களுள் ஒருவர். ஆனால் அவருடைய காபூல் ஓவியத்தில் இல்லாத இந்தியச் சிப்பாய்களைப் பற்றியும் பதிவில் ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொண்டேன்.

பிரித்தானியர் எண்ணிக்கையையும் வங்கத்தார் இருவரையும் இளைஞர் உடனே ஏற்றுக்கொண்டார். ஹோமையும் தரியா தௌலத் ஓவியர்களையும் ஒரே பதிவில் வைப்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நடுகல் செதுக்கியோருக்கு அகரவரிசையில் இடமில்லை என்று பதிப்பாளர் மறுத்துவிட்டாராம். முன்னுரையில் ஒரு பத்தி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேனுவரவின் பெயரைப் பற்றி, "யோசிக்கேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் வற்புறுத்தவில்லை. அவருடைய தயக்கம் வெறுப்பிலிருந்து வந்ததன்று, துயரத்திலிருந்து வந்தது என்பதை அறிவேன்.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நம் மாவட்டத்தில் பலர் உள்ளனர். அவர்களிடமோ உங்கள் உறவினரிடமோ ஒரு பள்ளிக்கூட நோட்டில், ஒரு நாட்காட்டியின் பின்புறத்தில் வரைந்த படம் இருக்கக் கூடும். அழகாக இல்லை என்று அதை எறிந்துவிடாதீர்கள். வரைந்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பின்புறத்தில் எழுதி வையுங்கள். எல்லாரையும் எந்தப் பட்டியலும் தாங்காது. ஆனாலும் அடுத்த பட்டியலை எழுதப்போகிறவர் அந்தப் பெயரைத் தேடி வரும்போது அது அங்கே இருக்க வேண்டும்.